ஐந்தாவது சாக்கு

பல்கலைக்கழகத்தில் தங்கராசாவின் வேலைக்குப் பெயர் வயல் உதவியாளர். பதினோரு வருடம் அந்தப் பெயருக்கு நேரே கையெழுத்து வைத்தார். விவசாய பீடத்தில் படித்து வெளியேறிய பிள்ளைகள் அவரை வேறு விதமாகத்தான் நினைவு வைத்திருந்தார்கள். மண்ணைக் கிள்ளி நாக்கில் வைத்துப் பார்க்கிற மனிதர். அவர் துப்பிவிட்டு, "கொஞ்சம் ஏறித்தான் கிடக்கு" என்பார். பிறகு மீற்றரைச் செருகினால் அதுவும் அதையே சொல்லும்.

ஏறிக் கிடந்தது உப்பு. கோடையில் கடல் வாவிக்குள் வருவதும், வாவி வாய்க்கால்களுக்குள் வருவதும் புதிதல்ல. முன்பெல்லாம் மாரி மழை அதைக் கழுவிக்கொண்டு போய்விடும். இப்போது மழை முழுதாகக் கழுவுவதில்லை. தங்கராசாவின் ஊரில் வாவியை ஒட்டிய எண்பது ஏக்கர், கரைவட்டை என்று பெயர், ஒன்பது வருடமாக விதைப்பில்லாமல் கிடந்தது. அந்தப் பக்கம் மாடுகூடப் போகாது. மழை பெய்த இரவுகளில் ஊர் முழுக்கத் தவளை கத்தும். கரைவட்டையில் மட்டும் ஒரு சத்தமும் வராது.

அங்கேதான் யசோதினி தன் ஆய்வை வைத்தாள். உதவி விரிவுரையாளர், கலாநிதிப் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தாள். செருப்பைக் கழற்றி வரம்பில் வைத்துவிட்டு முதல் நாளே முழங்கால் சேற்றில் இறங்கினாள். தங்கராசாவுக்கு அவளைப் பிடித்துப் போனது அதனால்தான். மேட்டிலிருந்து வாவிக்கரை வரை ஐந்து பாத்திகள். ஐந்திலும் ஊரில் எல்லோரும் விதைக்கிற அதே நெல். எந்தப் பாத்தி வரை விளைகிறது, எதில் நிற்கிறது என்று பார்த்தால் உப்பு எவ்வளவு தூரம் வந்துவிட்டது என்று தெரியும். அவ்வளவுதான் ஆய்வு.

முதல் மாரியில் நான்கு பாத்திகள் விளைந்தன. ஐந்தாவதும் பச்சையாக நின்று கதிர் தள்ளியது. தூரத்திலிருந்து பார்த்தால் கதிர் கதிராகத்தான் தெரிந்தது. அறுவடைக் கிழமையில் யசோதினிக்குக் கண்டியில் வகுப்பு. "பாத்திக்கு ஒரு சாக்கு, தங்கராசண்ணன். அடிச்சு, கட்டி, நம்பர் போட்டு வைங்க. நான் வந்து நிறுக்கிறன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவர் படங்கு விரித்து ஒவ்வொரு பாத்தியாக அடித்தார். ஐந்தாவது பாத்தியின் கதிரைக் கையில் உருவியபோதுதான் தெரிந்தது. அத்தனையும் பதர். ஊதினால் பறந்தது. தூற்றி முடித்தபோது படங்கில் ஒரு பிடி நெல்கூட மிஞ்சவில்லை.

அவர் களவெட்டியில் வளர்ந்தவர். கதிர்ச்சூடு அடிக்கிற அந்தக் களத்தில் 'இல்லை' என்ற சொல்லை யாரும் வாயில் எடுப்பதில்லை. 'குறைவு' என்பதில்லை, 'முடிந்தது' என்பதில்லை. நெல்லைப் பொலி என்பார்கள், தீர்ந்துபோனால் நிறைந்தது என்பார்கள். வெறுஞ்சாக்கை அங்கிருந்து தூக்குவதில்லை. தூக்கினால் அடுத்த போகம் அந்த வயல் வாய் திறக்காது என்று அவருடைய வீட்டில் நம்பினார்கள். அறுவடை மெஷின் வந்தபிறகு ஊரில் யாருக்கும் களவெட்டி கிடையாது. ஆனால் ஆய்வுப் பாத்திக்கு மெஷின் இறக்க முடியாது. அரிவாளும் படங்கும் சாக்கும்தான். ஆகவே அவருக்கு அது களவெட்டிதான்.

மேல் பாத்திகளின் ஓரக்கதிர்கள் ஒரு பக்கமாகக் குவிந்து கிடந்தன. ஓர வரிசைகளை ஆய்வில் கணக்கெடுப்பதில்லை, அவை வீசுகிற கதிர். அதிலிருந்து அள்ளி அடித்து ஐந்தாவது சாக்கில் போட்டார். ஒரு பிடியோடு நிறுத்தத்தான் நினைத்தார். களத்தில் பிடிக்கணக்கில் போடுகிற கை அவருடையதல்ல. கழிவுக் கதிர்தானே, யாருக்கு என்ன நட்டம் என்று சாக்கைக் கட்டி நம்பர் போட்டார்.

அடுத்த மாரி அறுவடைக்கும் அவள் வரவில்லை, அவரும் அப்படியே செய்தார்.

ஆய்வுகூடத்தில் யசோதினி அந்தச் சாக்கை மூன்று தரம் நிறுத்தாள். மீற்றர் காட்டுகிற உப்புக்கு அந்தப் பாத்தியில் ஒன்றும் விளையக்கூடாது. ஒன்பது கிலோ இருந்தது. அப்படியென்றால் இந்த ஊர் நெல் உப்பைத் தாங்குகிறது என்றுதானே பொருள். அவள் முகத்தில் அன்றைக்கு வந்த வெளிச்சத்தைத் தங்கராசா கதவோரம் நின்று பார்த்தார். எதற்கு இந்தச் சந்தோசம் என்று அவருக்கு விளங்கவில்லை.

விளங்கியது புரட்டாதியில், பயிர்ச்செய்கைக் கூட்டத்தில். பலநோக்கு மண்டபத்தில் யசோதினி சுவரில் படம் போட்டுக் காட்டினாள். பாத்திக்கு ஒன்றாக ஐந்து கம்பங்கள். ஐந்தாவது கம்பம் நான்காவதைவிடச் சற்றுத்தான் கட்டை. கரைவட்டையை இந்த மாரி விதைக்கலாம் என்றார்கள். கைதட்டினார்கள். பின்வரிசையில் இருந்த தங்கராசா ஐந்தாவது கம்பத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். முன்வரிசையில் அவருடைய மருமகன் சிவதர்ஷன் எழுந்து, முதல் ஆளாக நாலு ஏக்கருக்குப் பெயர் கொடுத்தான். பாசிக்குடா ஹோட்டலில் இருந்த வேலையை அவன் அந்தக் கிழமையே விட்டுவிட்டான்.

அன்று பின்னேரம் தங்கராசா மகள் வீட்டுக்குப் போனார்.

"அவடத்த வேணா மனே. மேல ஒரு துண்டு பாப்பம்."

"ஏன் மாமா? மிஸ்ஸே படம் போட்டுக் காட்டினா. நீங்களும் கண்டீங்கதானே?"

"கண்டன்."

"மறுகா என்ன? அறுத்ததும் நீங்க, அடிச்சதும் நீங்க. உங்கட கையால வந்த நெல்லு."

குசினியிலிருந்து மகள் தக்ஷாயினி சிரித்தாள். "அப்பாக்கு எல்லாத்துக்கும் பயம். நான் பள்ளிக்குச் சைக்கிள்ல போகக்குள்ள றோட்டு முடியுமட்டும் பின்னால ஓடி வந்த மனிசன்."

சொல்லிவிடலாம் என்று அவர் வாயைத் திறந்தார். அவள் தேத்தண்ணியை நீட்டினாள். குடித்துவிட்டு எழுந்து வந்தார்.

உழவுக்கு மர்சூக் டிரக்டரைக் கொண்டுவந்தான். பக்கத்து ஊர்க்காரன், தங்கராசாவின் வயலை இருபது வருடமாக உழுகிறவன். கலப்பை இறங்கிய இடத்தில் கறுப்பும் நீலமுமாக மண் புரண்டது. அதோடு ஒரு நாற்றம் எழும்பியது.

"அண்ணன், இது வயலா, கழுவாத கருவாட்டுச் சட்டியா? டிரக்டரே மூக்கப் பொத்துது."

மர்சூக்கை மூத்தவன் என்ற முறையில் காக்கா என்று கூப்பிடுகிற சிவதர்ஷன் சிரித்தான். "பசளை காக்கா, பசளை. ஒம்பது வருசப் பசளை."

"அப்ப கொக்கு எங்க? உழவு எண்டா கொக்கு வரும். இஞ்ச ஒண்டையும் காணல்லயே."

தங்கராசா வானத்தைப் பார்த்தார். மேட்டு வயலில் மர்சூக்கின் தம்பி உழுத இடத்தில் வெள்ளையாகக் கொக்குகள் மொய்த்திருந்தன. இங்கே ஒன்றுகூட இறங்கவில்லை. குனிந்து மண்ணைக் கிள்ளி நாக்கில் வைத்தார். துப்பினார். பிறகும் துப்பிக்கொண்டே இருந்தார். கசப்புப் போகவில்லை.

மறுநாள் காலை யசோதினியின் அறைக்குப் போனார். இருக்கச் சொன்னாள். இருக்கவில்லை.

"மிஸ், அந்த அஞ்சாவது பாத்தியில ஒண்டும் விளையல்ல."

"என்ன சொல்றீங்க? ஒம்பது கிலோ நானே நிறுத்தன்."

"அது ஓரக்கதிர். மேல் பாத்திட ஓரக்கதிர். நான்தான் போட்டன்."

அவள் பேனையை வைத்தாள். "ஏன்?"

"வெறுஞ்சாக்கு களத்தில இருந்து தூக்கப்படாது மிஸ்."

அவளுக்குச் சிரிப்பு வந்ததுபோல் உதடு அசைந்தது. சிரிப்பு வரவில்லை. "ரெண்டு மாரியுமா?"

"ஓம்."

மேசையில் தடித்த புத்தகமாகக் கட்டி வைத்திருந்த ஆய்வேட்டை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். நாலு வருட வேலை. பதினெட்டாம் திகதி பரீட்சகர்கள் கொழும்பிலிருந்து வருவதாக இருந்தது.

"ஆருக்கும் சொன்னீங்களா?"

"இல்ல மிஸ்."

அவள் எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள். "சரி. நான் பாத்துக்கிறன். நீங்க ஒண்டும் கதைக்காதீங்க. நானே சொல்றன்."

பல கிழமைகளுக்குப் பிறகு தங்கராசா அன்றைக்கு வயிறு நிறையச் சாப்பிட்டார். படித்த பிள்ளை, முறையாகச் சொல்லி நிறுத்துவாள் என்று நம்பினார். ஒரு நாள் போனது. மூன்று நாள் போனது. விதைநெல் வந்து இறங்கியது. விதைப்பு நாளை யாரும் மாற்றவில்லை. பதினெட்டாம் திகதி வந்து போனது. அன்று பீடத்தில் எல்லோருக்கும் கேக் கொடுத்தார்கள். அவருக்கும் ஒரு துண்டு வந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

விதைப்பன்று கரைவட்டையில் நாற்பது பேர் கூடினார்கள். யசோதினி கமராவோடு வந்திருந்தாள். தங்கராசா அவளைப் பார்த்தார். அவள் கமராவைப் பார்த்தாள். சிவதர்ஷன் விதைநெல் கடகத்தை இடுப்பில் வைத்து வயலுக்குள் கால் வைத்தபோது தங்கராசா வரம்பிலிருந்து கத்தினார்.

"நிப்பாட்டு மனே! போடாத!"

எல்லோரும் திரும்பினார்கள். அவர் சொன்னார். பதர், ஓரக்கதிர், சாக்கு, இரண்டு மாரி, எல்லாவற்றையும் சொன்னார். மூச்சு வாங்கியது.

"தங்கராசர் இப்ப மிஸ்ஸுக்கே பாடம் எடுக்கிறார் போல" என்று யாரோ சொன்னார்கள். சிரிப்பு எழுந்தது.

சிவதர்ஷன் சிரிக்கவில்லை. "மிஸ், மாமா சொல்றது மெய்யா?"

யசோதினி கமராவைக் கீழே இறக்கினாள். வாவிப் பக்கமிருந்து காற்று வந்தது. பிறகு அவள் மிக மெல்ல, அன்பாகவே சொன்னாள்: "ரெண்டு மாரி நிறுத்த கணக்கு என்னட்டக் கிடக்கு. தங்கராசண்ணனுக்கு வயசு போயிற்று. எதையோ எதோடயோ மாறி நினைக்கிறார்."

அந்த அன்புதான் அவரை முடித்தது. கோபமாகச் சொல்லியிருந்தால் ஒருவராவது சந்தேகப்பட்டிருப்பார்கள்.

"நாலு பேருக்கு முன்னால என்ன மாமா இது" என்றான் சிவதர்ஷன். அதன்பிறகு அவன் மாமனோடு பேசவில்லை. நெல்லை அள்ளி வீசினான். எண்பது ஏக்கரும் அன்றைக்கே விதைக்கப்பட்டது.

மழை நன்றாகப் பெய்தது. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி என்று விடாமல் பெய்தது. மழைத்தண்ணீர் மேலே நின்றவரை உப்பு கீழே அடங்கிக் கிடந்தது. கரைவட்டை அவர் தன் வயதில் பார்த்திராத பச்சையாக நின்றது. ஊர் அவரைப் பார்த்துச் சிரித்தது. மர்சூக் மட்டும் சிரிக்கவில்லை. வழியில் கண்டால் டிரக்டரை நிறுத்தி, "அண்ணன், நீங்க சொன்னது பொய்யாப் போகட்டும் எண்டு நானும் கேட்கிறன்" என்பான். தங்கராசாவும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். தான் கிழவனாகி எல்லாவற்றையும் மாறி நினைத்திருக்க வேண்டும், அப்படி மட்டும் ஆகிவிட வேண்டும்.

மழை போதும், இனி விடட்டும் என்று எல்லோரும் சொன்னார்கள். அவர் ஒருவர்தான் ஒவ்வொரு காலையும் முற்றத்தில் இறங்கி மேகம் இருக்கிறதா என்று பார்த்தார்.

தை பிறந்து எட்டாம் நாள் மேகம் இருக்கவில்லை. தக்ஷாயினி நனைந்த துணிகளையெல்லாம் வேலியில் விரித்துவிட்டு வந்து வாசலில் நின்று கூப்பிட்டாள்.

"அப்பா, வெயில் எறிக்குது பாருங்க! இனி வேளாமை கதிர் தள்ளும்."

"ஓம் மகள்" என்றார்.

அவள் போனபிறகு கரைவட்டைக்கு நடந்தார். வயலில் யாரும் இல்லை. தண்ணீர் வரம்பைவிட்டு ஒரு விரல் அளவு இறங்கியிருந்தது. இறங்கிய இடத்தில், சேற்றின் விளிம்பில், நூல்போல ஒரு வெள்ளைக் கோடு வயலின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஓடியிருந்தது. அதைக் காலால் தேய்த்து அழித்துக்கொண்டே மருமகனின் நாலு ஏக்கரையும் சுற்றி நடந்தார். சுற்றி முடிக்க உச்சியாகிவிட்டது.

அடுத்த நாள் காலையில் அது இரண்டு விரல் அகலம் இருந்தது.