விரதச் சாப்பாடும் விரல் கொப்புளமும்

மூன்று வருடங்களுக்கு முன், புரட்டாசி மாதத்து இரண்டாவது சனிக்கிழமை. மலேசியாவில், ஈப்போ குனோங் ராபாட்டில் எங்கள் வீட்டு முன்னறைதான் என் தையல் கடை. தீபாவளி ரவிக்கைகள் குவிந்து கிடந்தன. தைக்க வேண்டிய என் விரல்களோ கொப்புளம் கொப்புளமாக வெடித்து நீர் வடிந்துகொண்டிருந்தன.

எனக்கு நிக்கல் ஒவ்வாமை. முதுகில் பட்டை ஒட்டிப் பரிசோதித்து டாக்டர் சொல்லியிருந்தார். தோட்டைக் கழற்றினேன், கத்தரிக்கோல் பிடிக்குத் துணி சுற்றினேன். சாப்பாட்டைப் பற்றியும் ஒரு தாள் கொடுத்தார். உலோகத்தை யார் சாப்பிடுகிறார்கள் என்று அதைப் படிக்காமலே இழுப்பறைக்குள் தள்ளிவிட்டேன். அவ்வளவு திமிர் எனக்கு! கை குணமாக வேண்டும் என்று பெருமாளுக்கு வேண்டிக்கொண்டு மாதம் முழுக்கச் சைவம். தினமும் பருப்பு, கடலை, சோயாவில் செய்த சைவக் கோழி, சாயங்காலம் கெட்டியாக ஒரு குவளை கொக்கோ. கை மோசமாக மோசமாக, விரதம் போதவில்லை போல என்று காலைப் பசியாறலுக்கும் கடலையை அவித்தேன்.

அன்று ஒரு பெண் தன் பட்டு ரவிக்கையை வாங்க வந்தாள். என்னைவிடப் பத்து வயது சின்னவள். மருத்துவமனையில் உணவு ஆலோசகர் வேலை என்று அளவு கொடுத்தபோது சொல்லியிருந்தாள். மடித்துக் கொடுக்கும்போதுதான் பார்த்தேன், கழுத்தருகே ஒரு பொட்டு ரத்தம். என் ரத்தம். முந்திய வாரம்தான் ஒருத்தி என் கையைப் பார்த்துவிட்டு, தைக்கக் கொடுத்த துணியைத் திருப்பி வாங்கிக்கொண்டு போயிருந்தாள்.

"கழுவினா போயிரும்லா," என்று ரவிக்கையை ஓரமாக வைத்தவள், என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். "அக்கா, என்னா சாப்பிடுறீங்க?"

"சுத்த சைவம்," என்றேன் ரோஷமாக.

நிக்கல் ஒவ்வாமையையும் படிக்காத தாளையும் சொல்லிவிட்டு, சாப்பிடுவதை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல அவள் முகம் மாறியது. பருப்பு, கடலை, சோயா, கொக்கோ நான்கிலும் நிக்கல் அதிகமாம். ஒவ்வாமை உள்ள எல்லாருக்கும் இப்படி ஆகாது, சிலருக்குத்தான் சாப்பாட்டில் போவது கையில் வெடிக்கும் என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கை குணமாக நான் இருந்த விரதமே கையைத் தின்றுகொண்டிருந்திருக்கிறது!

"அப்ப வேண்டுதல விட்டுரணுமா?" எனக்கு அழுகை வந்துவிட்டது.

"ஏன்க்கா விடணும்? அந்த நாலையும் மட்டும் விடுங்க. வெள்ளச் சோறு, மோரு, கோஸ், பூசணி... சாமி இதெல்லாம் வேணாம்னு சொல்லலையே!"

அதோடு போகவில்லை. ரவிக்கைக் கொக்கிகளும் உலோகம்தானே? "அத நீங்க தொடாதீங்க, நான் வாரேன்," என்றாள். பேச்சுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். திங்கட்கிழமை வேலை முடிந்த கையோடு வந்து உட்கார்ந்துவிட்டாள். முதல் ரவிக்கைக்கு எல்லாக் கொக்கியையும் தலைகீழாகத் தைத்தாள். நான் கத்தினேன். சிரித்துக்கொண்டே பிரித்து மறுபடி தைத்தாள். என்ன பொறுமை! தீபாவளி வரைக்கும் வாரம் மூன்று நாள், முகம் தெரியாதவர்களின் ரவிக்கைகளுக்கெல்லாம் கொக்கி வைத்தாள்.

புரட்டாசி முடிவதற்குள் புதுக் கொப்புளம் வருவது நின்றது. ரவிக்கைகள் எல்லாம் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தன. கை முழுதாகத் தேற இன்னும் சில வாரம் ஆனது.

தாளைப் படிக்காத முட்டாள் என்று அவள் என்னை ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. இன்றும் யாராவது அறியாமல் ஒன்றைச் செய்துவிட்டு என் எதிரில் வந்து நின்றால் வாய் துறுதுறுக்கத்தான் செய்கிறது. ஆனால் புண்ணான என் கையை அவள் கூசாமல் பிடித்தது ஞாபகம் வந்துவிடும், அதற்குப் பிறகு என்னால் யாரையும் ஏச முடிவதில்லை.