மேல் கழுத்தும் கீழ்க் கழுத்தும்

என் மகன் கப்பலில் வேலை பார்க்கிறான். போன வருடம் விடுமுறைக்கு வந்தபோது, ஒரு நீளப் பெட்டியைத் தூக்க முடியாமல் தூக்கிவந்து என் கட்டில்மேல் வைத்தான். திறந்து பார்த்தால், ஒரே உடம்பில் இரண்டு கழுத்து முளைத்த எலெக்ட்ரிக் கிட்டார். மேல் கழுத்தில் நான்கு தடித்த கம்பிகள், அது பாட்டுக்கு அடியில் நின்று முழங்கும் பேஸ். கீழ்க் கழுத்தில் ஆறு கம்பிகள். அது நான் வழக்கமாக வாசிக்கும் கிட்டார். ஏதோ ஒரு துறைமுகத்தில் பழைய சாமான் கடையில் கண்ணில் பட்டதாம்.

"உங்களுக்கு ஒண்ணு காணாதுல்லா" என்றான். ஒரு கழுத்து எனக்குப் போதாது என்று வேடிக்கையாகத்தான் சொன்னான். அது எவ்வளவு உண்மை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

கல்லூரியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். எங்கள் தூத்துக்குடியில் நாலு கிழவர்கள் சேர்ந்து ஒரு இன்னிசைக் குழு வைத்திருக்கிறோம். கல்யாண வரவேற்பு, கோயில் திருவிழா, யாராவது கூப்பிட்டால் பிறந்தநாளும் உண்டு. டிரம்ஸ் வாசிப்பவர் இரும்புக்கடை அண்ணாச்சி. பேஸ் வாசிப்பவர் என் தங்கையின் கணவர். துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். எனக்கு அவர் மாப்ள, அவருக்கு நான் மச்சான். நாலாவது ஆள் பாடுகிறவர். அவருக்கு இந்த விஷயத்தில் வேலையில்லை.

அந்தக் கிட்டார் எனக்குத் தந்த சந்தோஷத்தை மறைக்க மாட்டேன். வாத்தியத்தின் நடுவில் ஒரு சின்ன சுவிட்ச். மேலே தள்ளினால் மேல் கழுத்து பேசும், கீழே தள்ளினால் கீழ்க் கழுத்து பேசும், நடுவில் விட்டால் இரண்டும் பேசும். நடுநிலையை நான் தொடுவதே இல்லை. தொடாத கழுத்தின் கம்பிகளும் கூடவே அதிர்ந்து முனகும். மற்ற இரண்டு நிலைகளுக்கும் இடையே மாறுவதுதான் வித்தை. தாளத்தின் கடைசித் தட்டில் வலது சுண்டுவிரல் சுவிட்சைத் தட்ட வேண்டும். அதே நொடியில் இடது கை ஒரு கழுத்தை விட்டு மற்றதைப் பிடிக்க வேண்டும். பிடி சரியாக விழுந்துவிட்டால், ஓடுகிற பஸ்ஸில் தாவி ஏறியவனைப் போல நெஞ்சு துள்ளும். தோள்பட்டை வலியோடு நாள் முழுக்கத் தாவிக்கொண்டிருந்தேன். மனைவி சோறு போட்டு வைத்து, ஆறிய பிறகு திரும்ப எடுத்துக்கொண்டு போவாள்.

அப்படித் தாவும்போதுதான் அந்த நினைப்பு வந்தது. பேஸும் நானே, கிட்டாரும் நானே என்றால் மாப்ள எதற்கு?

ஒரு கழுத்தை வாசிக்கும்போது மற்றது சும்மாதானே தொங்கும், பாட்டுக்கு இரண்டும் ஒரே நேரத்தில் அல்லவா வேண்டும் என்று பள்ளிக்கூடப் பிள்ளைகூடக் கேட்கும். நான் கேட்கவில்லை. மேடையில் நான் தாவுவதையும் சனம் வாய் பிளப்பதையும் மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த கல்யாணத்துக்கு முன் மாப்ளைக்குப் போன் செய்தேன்.

"மாப்ள, மண்டபத்துல மேடை ரொம்பச் சின்னதாம். மூணு பேருக்குத்தான் இடமாம். இந்த ஒரு தடவை நீரு ரெஸ்ட் எடும்."

"சரி மச்சான்" என்றார். அவ்வளவுதான். இளமையிலிருந்து என் பக்கத்தில் நின்று வாசித்தவரை ஒரு பொய்யைச் சொல்லி இறக்கிவிட்டேன். அப்போது எனக்கு உறுத்தக்கூட இல்லை.

எங்கள் கடற்கரையில் பிறந்த ஒருவன் செய்யவே கூடாத தவறையும் செய்திருந்தேன். இங்கே ஒரு வீட்டுக் கல்யாணம் என்றால் பாதி ஊருக்குச் சொந்தக் கல்யாணம். பெண் யார் வீட்டுப் பெண் என்று நான் விசாரிக்கவே இல்லை. அவள் என் மாப்ளையின் சித்தப்பா பேத்தி.

மண்டபத்து மேடை உப்பளம் மாதிரி அகலமாகக் கிடந்தது. ஒரு பக்கம் மணமக்கள், மறுபக்கம் நாங்கள் மூவர். நடுவே கிரிக்கெட் விளையாடலாம். இரண்டாவது பாட்டில் வெள்ளைச் சட்டையோடு மாப்ள மேடையேறினார். மணமக்களுக்கு நெற்றியில் சிலுவை போட்டு, போட்டோவுக்கு நின்றார். பிறகு மற்றவர்களைப் போல இறங்கிப் போகவில்லை. மேடையின் அந்த ஓரத்திலிருந்து என்னை நோக்கி, குதிகாலோடு பெருவிரலை ஒட்டி ஒட்டி வைத்து, நிலம் அளப்பவரைப் போல நடந்து வந்தார். சனம் பார்க்கிறது. நான் வாசித்துக்கொண்டிருக்கிறேன். என் முன்னால் வந்து நின்றார்.

"ஆமா மச்சான். ரொம்பச் சின்ன மேடைதான்."

சொல்லிவிட்டு இறங்கிப் பந்திக்குப் போய்விட்டார்.

அந்த நேரம் பார்த்து நான் கழுத்து மாற வேண்டிய இடம் வந்தது. இடது கை தாவியது. சுண்டுவிரல் சுவிட்சை மறந்தது. கண்ணை மூடி, தலையை ஆட்டி, ஊமைக் கழுத்தில் உருகி உருகி வாசித்தேன். பாடுகிறவர் ஓய்ந்திருந்த அந்த இடையிசையில் டிரம்ஸ் சத்தம் மட்டும் தனியாக ஓடியது.

"ஏ சாரே, கரண்டு போயிட்டா?" என்றார் அண்ணாச்சி, மைக்கில் கேட்கும்படி.

மண்டபமே சிரித்தது. பதறிப்போய் சுவிட்சைத் தட்டினால் அது நடுவில் நின்று இரண்டு கழுத்தும் ஒன்றாக ஊளையிட்டன.

அதற்குப் பிறகு மாப்ள வீட்டுப் பக்கம் வரவில்லை. தங்கைதான் போன் செய்தாள்.

"அண்ணே, அவரு பேஸ் கிட்டார் கம்பியெல்லாம் கழத்தி எறிஞ்சிட்டாரு. இப்ப அதுல துண்டு காயப்போடுதாரு. நீ என்னதான் சொன்ன அவர்ட்ட?"

அப்புறம் பேசுகிறேன் என்று போனை வைத்துவிட்டேன். கிட்டாரைத் தொட்டாலும் பழைய துள்ளல் இல்லை. கீழ்க் கழுத்தில் எவ்வளவு நன்றாக வாசித்தாலும், அடியில் அவர் வாசிப்பு இல்லாமல் பாட்டு அந்தரத்தில் தொங்கியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பெட்டியை ஆட்டோவில் ஏற்றினேன். பாதி வெளியே நீட்டிக்கொண்டு வந்தது. மாப்ள வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"வாரும். வீடு சின்னதுதான். அந்தப் பெட்டிக்கு இடம் காணுமோ என்னமோ" என்றார்.

உள்ளே போய் எதிரெதிரே உட்கார்ந்தோம்.

"மேடை சின்னதுன்னு நான் சொன்னது பொய் மாப்ள. ரெண்டையும் நானே வாசிக்கணும்னு ஆசப்பட்டேன். நீரு இல்லன்னா எல்லாரும் என்னையவே பாப்பாங்கன்னு நெனச்சேன்."

"எல்லாரும் உம்மத்தான பாத்தாங்க."

குசினியில் மீன் பொரித்துக்கொண்டிருந்த தங்கை அடக்க முடியாமல் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

"எங்கிட்டயே கேட்டிருக்கலாம்லா. நானே ஒதுங்கியிருப்பேன். பொய் சொன்னீரு பாத்தீரா, அதான்."

"தப்புதான்" என்றேன். வேறு எதுவும் சேர்க்கவில்லை.

மாப்ள எழுந்து பெட்டியைக் காலால் லேசாகத் தட்டினார்.

"தொறயும். என்னதான் இருக்குன்னு பாப்போம்."

திறந்தேன். அவர் தன்னுடைய பழைய ஆம்ப்ளிஃபையரைத் தூசி தட்டி இழுத்துவந்தார். மேல் கழுத்தை மட்டும் ஒரு விரலால் மீட்டிப் பார்த்தார். அறைத் தரை அதிர்ந்தது. அவர் முகத்தில் ஆசை வந்ததைப் பார்த்தேன். அவருடைய பேஸில் கம்பி இல்லை. இருந்தது இந்த ஒன்றுதான்.

"நீரு இரியும். நான் பின்னால நிக்கேன்" என்றார்.

நான் கிட்டாரை மடியில் வைத்து உட்கார்ந்தேன். அவர் நாற்காலிக்குப் பின்னால் நின்று, என் தோள்களுக்கு மேலே இரண்டு கைகளையும் விட்டு மேல் கழுத்தைப் பிடித்தார். கட்டிப்பிடித்தது போலவே இருந்தது. அவருடைய தொப்பை என் முதுகில் முட்டியது. காதோரம் வெற்றிலை வாசம். சுவிட்சை நானே நடுவில் வைத்தேன்.

முதல் பாட்டில் முழங்கைகள் இடித்துக்கொண்டன. இரண்டாவதில் யார் எப்போது ஒதுங்குவது என்று உடம்புக்கே தெரிந்துவிட்டது. சும்மா தொங்க ஒரு கழுத்தும் இல்லாததால் முனகல் இல்லை. அடியிலிருந்து அவர் வாசிப்பு எழும்பிவர, என் விரல்கள் அதன்மேல் ஓடின. தங்கை கரண்டியோடு வந்து நின்று, கண்ணில் நீர் வரச் சிரித்து, போனில் படம் பிடித்தாள். மீன் கருகியது. கருகியதையே தின்றோம்.

இப்போது மாப்ளையின் பேஸில் புதுக் கம்பி போட்டாகிவிட்டது. எப்போதும்போல என் பக்கத்தில்தான் நிற்கிறார். ஒரு பாட்டுக்கு மட்டும் அதைக் கீழே வைத்துவிட்டு, இரட்டைக் கழுத்தோடு நான் உட்கார்ந்திருக்கும் நாற்காலிக்குப் பின்னால் வருவார். எங்கே போனாலும் அந்தப் பாட்டைத்தான் கேட்கிறார்கள். போன வாரம் ஒரு வரவேற்பில், கைகளைத் தோள்மேல் போட்டவர் உடனே ஆரம்பிக்காமல் மேடையை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை ஒரு பார்வை பார்த்தார். எனக்கு முகம் சிவந்தது.

"இடம் காணுமா மச்சான்?"

"காணும் மாப்ள. ஆரம்பியும்" என்றேன்.