எதிர்வீட்டுப் புடவை

அறுபதுகளில் ஒரு சின்னப் படக்குழுவில் உதவி இயக்குநராகச் செஞ்சிக்குப் போயிருந்தேன். வறுமையை உள்ளபடியே காட்டப்போகிறோம் என்ற திமிர் எங்களுக்கு. பசித்த தாயாக நடிக்க, பக்கத்துக் கிராமமான வல்லத்தில் கடலைக்காய் பிடுங்கிக்கொண்டிருந்த ஒரு பெண்ணைக் கேட்டோம். சரி என்றார்.

மறுநாள் காலை கோட்டை அடிவாரத்துக்கு வந்தார். முகத்தில் மஞ்சள், தலையில் கனகாம்பரம், மடிப்புக் கலையாத புடவை. இயக்குநர் என்னை முறைத்தார். நான் மண்ணைக் குழைத்து அவர் முகத்தில் பூசினேன். முந்தானையைப் பிடித்து ஒரே இழுப்பில் கிழித்தேன்.

"இன்னா சார் இப்டி பண்ணிட்டீங்க? எதிர்வூட்டு அக்காவோட பொடவ சார். படம் புடிக்கிறாங்கன்னு கேட்டு கட்டிக்கினு வந்தேன்."

"அப்புறம் பார்த்துக்கலாம்மா. நீ கேமராவைப் பாரு."

பார்த்தார். படம் பிடித்தோம். சாயங்காலமே ஊர் திரும்பிவிட்டோம்.

படம் வந்ததும் ஒரே சண்டை. நாட்டையே கேவலப்படுத்திவிட்டோம் என்று சிலர் கத்தினார்கள். அந்தப் பெண்ணின் கண்களில் தெரிந்த பசியைப் பார்த்துச் சிலர் அழுதார்கள்.

அந்தக் கண்களை இன்றும் என்னால் நேராகப் பார்க்க முடியவில்லை. அவற்றில் இருந்தது பசியே இல்லை. கிழிந்த புடவையோடு எதிர்வீட்டு வாசலில் எப்படிப் போய் நிற்பது என்ற பயம்.