ஒரு வத்தி ஓட்டம், மூன்று வத்தி ஓய்வு

பிள்ளைகளே,

போன ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் கேனைத் தோளிலிருந்து இறக்கிவைத்துவிட்டுப் பெரியவன் ஒரு வார்த்தை சொன்னான். "நம்ம ஆளுங்களுக்கு விவரம் பத்தலப்பா. கெணறு இருந்துச்சு, காப்பாத்தத் தெரியல." சின்னவளும் ஆமாம் என்று தலையாட்டினாள். நான் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டேன். உங்கள் மேல் கோபம் இல்லை. உங்களுக்கு யார் சொன்னார்கள்? நான் சொல்லியிருக்க வேண்டும். வாயால் சொன்னால் பாதியிலேயே கத்திவிடுவேன், அதனால் எழுதுகிறேன். பத்தாவதோடு நின்றவன் எழுத்து. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

விவரம் இல்லாதவர்கள் நம் ஆட்கள் இல்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எண்ணூரில் நம் குப்பத்துக்கு ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் கழிமுகம். நடுவில் ஒரு மணல் மேடு. மழை பெய்தால் தண்ணீர் அந்த மணலுக்குள் இறங்கும். அடியில் இருப்பது உப்புத் தண்ணீர். அது கனம். மழைத் தண்ணீர் லேசு. அதனால் உப்புக்கு மேலே, பாலுக்கு மேல் ஆடை நிற்கிற மாதிரி நல்ல தண்ணீர் நிற்கும். ஆடையை எடுக்கிற கை எப்படி இருக்க வேண்டும்? மெதுவாக இருக்க வேண்டும். அவசரப்பட்டுக் கரண்டியை அடிவரைக்கும் விட்டால் எல்லாம் ஒன்றாகிவிடும். கார்ப்பரேஷன் குழாய் நம் குப்பத்துக்கு வரும் வரும் என்று தேர்தலுக்குத் தேர்தல் சொன்னார்கள். வரவில்லை. அதனால் குப்பத்தார் சேர்ந்து மணல் மேட்டில் கிணறு வெட்டி, ஒரு மோட்டார் வைத்து, கறுப்புத் தொட்டி ஒன்றைத் தூக்கி நிறுத்தி, தெருவுக்கு ஒரு குழாய் போட்டுக்கொண்டோம். நீங்கள் இரண்டு பேரும் பிறந்து குடித்த முதல் தண்ணீர் அதுதான்.

மோட்டார் சாவி, நீங்கள் அத்தை என்று கூப்பிடுவீர்களே, மீன் கூடை தூக்குகிற அந்த அக்காவிடம் இருந்தது. ஊரில் யாரும் அவளை ஏமாற்ற முடியாது என்பதால் அவளிடம் கொடுத்தார்கள். அவள் மோட்டாரைப் போட்டவுடன் ஷெட்டுக்குள் மணல் நிரப்பிய டப்பாவில் ஒரு ஊதுவத்தியை ஏற்றிக் குத்துவாள். வத்தி எரிந்து முடிந்தால் மோட்டாரை நிறுத்துவாள். அப்புறம் ஒன்றன் பின் ஒன்றாக மூன்று வத்தி எரிகிற வரைக்கும் கிணற்றைத் தொடக்கூடாது. நல்ல தண்ணீர் ஊறி மறுபடி மேலே நிற்பதற்கு அந்த நேரம். கல்யாண வீடு என்றாலும் இதுதான், சாவு வீடு என்றாலும் இதுதான்.

கடிகாரம் வைத்தால் என்ன என்று நானே ஒரு நாள் கேட்டிருக்கிறேன். அக்கா சிரித்தாள்.

"ரெண்டு கடியாரம் உப்புக் காத்துல பூட்ச்சு நைனா. அதும் இல்லாம கடியாரத்த எவனாச்சும் திருப்பி வெச்சுடுவான். எரிஞ்ச வத்திய நீட்ட முடியுமா? போறவன் வர்றவன் எல்லாம் எட்டிப் பாத்தா தெரியும்ல, எத்தினி வத்தி ஆச்சுன்னு."

இதைவிட விவரம் யாருக்கு இருக்கிறது, சொல்லுங்கள்.

பெரியவன் நாலாவது படித்த வருஷம். சின்னவள் இன்னும் பள்ளிக்கூடத்தில் சேரவில்லை. ஷெட் கதவில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். மோட்டார் வைத்து நிலத்தடி நீர் எடுத்து ஒரு வீட்டுக்கு மேல் வழங்குகிற எவரும் உரிமம் வாங்க வேண்டுமாம். வாங்காவிட்டால் மின் இணைப்பைத் துண்டிப்போம் என்று அடியில் முத்திரை.

குப்பத்தில் ஆளாளுக்குக் கத்தினார்கள். "மெயின் ரோட்டாண்ட நின்னு பாரு, நாள் பூரா தண்ணி லாரி போய்க்கினே கீது. எந்தக் கம்பெனிக்குப் போவுது அது? அவன் வயக்காட்ட உறிஞ்சிக்கினு போறான், அவன வுட்டுட்டு நம்ம மோட்டாராண்ட வந்து நோட்டீஸ் ஒட்றானுங்கோ!"

நான்தான் அவர்களை அடக்கினேன். "லாரிக்காரன்கிட்ட லைசென்ஸ் கீது. நம்மகிட்ட இல்ல. நாமளும் வாங்கிட்டா எவனும் கேக்க மாட்டான்" என்றேன். அப்போது நான் திருவொற்றியூரில் ஒரு பட்டறையில் லேத் வேலை. குப்பத்தில் ஃபாரம் நிரப்பத் தெரிந்தவர்களில் ஒருவன். அந்தப் பெருமை எனக்கு நிறையவே இருந்தது.

இன்றைக்கும் சொல்கிறேன், சட்டம் வேண்டாம் என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. நாலு பேர் குடிக்கிற தண்ணீரை அரசாங்கம் சோதிக்கத்தான் வேண்டும். யார் எவ்வளவு எடுக்கிறார்கள் என்று கேட்கத்தான் வேண்டும். ஆனால் லாரி கம்பெனிக்கும் எங்களுக்கும் ஒரே ஃபாரம். அதில் வாகனங்களின் எண்ணிக்கை என்று ஒரு கட்டம். நான் 'இல்லை' என்று எழுதினேன். உரிமையாளர் பெயர் என்று ஒரு கட்டம். குப்பம் என்று எழுதினால் செல்லாது என்று திருப்பிக் கொடுத்தார்கள். அரை நாள் சம்பளம் போய், ராயபுரத்தில் பஸ் மாறி, அந்த அலுவலக பெஞ்சில் எத்தனை மதியம் உட்கார்ந்திருப்பேன். "சாப்பாட்டு நேரம்" என்பார்கள். "சார் ஃபீல்டுக்குப் போயிருக்கார்" என்பார்கள். ஒரு நாள் அந்த சார் எனக்குப் பக்கத்தில் நின்றே டீ குடித்துக்கொண்டிருந்தார். அவர்தான் சார் என்று எனக்கு அடுத்த வாரம்தான் தெரியும்.

கடைசியில் அவர் நேரில் பார்க்க வந்தார். நல்ல மனிதர் மாதிரிதான் பேசினார். ஷெட்டுக்குள் குனிந்து நுழைந்தவர், மணல் டப்பாவையும் எரிந்துபோன வத்திக் குச்சிகளையும் பார்த்தார்.

"என்னங்க இது, மோட்டாருக்குப் பூஜையா? சாமி படத்தையே காணோம்?"

அக்கா வாயைத் திறந்தாள். நான் முந்திக்கொண்டேன்.

"ஆமா சார். தண்ணியக் கும்பிடற பழக்கம் சார், ஊர்ல."

அவர் சிரித்தார். கூட வந்த உதவியாளரும் சிரித்தார். நானும் சிரித்தேன். பிள்ளைகளே, ஊதுவத்தியை வைத்து நேரம் பார்க்கிறோம் என்று சொன்னால் காட்டான் என்று நினைப்பாரோ என்று எனக்கு வெட்கம். ஃபாரத்தில் 'நீர் எடுப்பைக் கட்டுப்படுத்தும் முறை' என்று ஒரு கட்டம் இருந்தது. மீட்டரா, டைமரா, வேறா என்று கேட்டிருந்தது. வேறு என்பதற்கு எதிரே இடம் விட்டிருந்தார்கள். நான் அங்கேயும் 'இல்லை' என்றுதான் எழுதிக் கொடுத்திருந்தேன்.

அவர் போனதும் அக்கா கேட்டாள். "இன்னாத்துக்குடா பொய் சொன்ன?"

"அவருக்குப் புரியாதுக்கா."

"புரியாதுன்னு நீயே முடிவு பண்ணிட்டியா? வாயத் தொறந்து சொல்லிப் பாத்தியா?"

கட்டுப்படுத்தும் முறை எதுவும் இல்லாத கிணறு என்றால், அது எவ்வளவு தாங்கும் என்று சோதனை பண்ண வேண்டுமாம். ஆறு மணி நேரம் நிற்காமல் மோட்டாரை ஓட்டி, தண்ணீர் மட்டம் எவ்வளவு இறங்குகிறது என்று நாடாவை விட்டுப் பார்ப்பார்களாம். கடிதம் வந்தது. படித்துக் காட்டியதும் அக்கா சாவியை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"ஆறு மணி நேரமா? கெணறு செத்துப்பூடும். நான் தர மாட்டேன்."

"ஒரே ஒரு நாள்க்கா. லைசென்ஸ் வந்துட்டா வாழ்க்க பூரா பேஜாரு இல்ல."

"ஒரு நாள் வெசம் குடிச்சா போதாதா உனுக்கு?"

மூன்று நாள் அவள் வீட்டு வாசலில் போய் நின்றேன். கரண்டை வெட்டிவிட்டால் கைக்குழந்தை வைத்திருக்கிறவர்கள் எங்கே போவார்கள் என்று கேட்டேன். அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். சாவியை என் கையில் வைக்காமல் கீழே மணலில் போட்டாள். நான் குனிந்து எடுத்துக்கொண்டேன்.

சோதனைக்கு உதவியாளர் மட்டும் வந்தார். காலையில் மோட்டாரைப் போட்டதும் முதல் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து மூடி, மேலே ஒரு சீட்டை ஒட்டினார். பிறகு குடையை விரித்து உட்கார்ந்துவிட்டார். தொட்டி நிரம்பி, தண்ணீர் மணலில் வழிந்து, கழிமுகத்தைப் பார்த்து ஓடியது. குப்பத்தில் அவ்வளவு தண்ணீர் வீணாகப் போய் யாரும் பார்த்ததில்லை. நீங்கள் இரண்டு பேரும் அதில் குதித்து ஆடினீர்கள். சின்னவளுக்கு ஞாபகம் இருக்காது. ஜட்டியோடு உட்கார்ந்து இரண்டு கையாலும் அடித்துக்கொண்டிருந்தாள். பெண்கள் யாரும் சிரிக்கவில்லை. குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே நின்றார்கள்.

நாலாவது மணி நேரத்தில் அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். குழாயில் கையை நீட்டி ஒரு வாய் குடித்தாள். துப்பினாள்.

"கரிக்குது. நிறுத்து."

நான் குடித்துப் பார்த்தேன். லேசாகத்தான் கரித்தது. கண்ணீர் உதட்டுக்கு வந்தால் எவ்வளவு இருக்குமோ அவ்வளவு. உதவியாளரிடம் போய்ச் சொன்னேன்.

"நடுவுல நிறுத்தினா டெஸ்ட் செல்லாதுங்க. இன்னொரு நாள் முதல்லேர்ந்து ஆறு மணி நேரம் ஓட்டணும். பரவாயில்லையா?"

இன்னொரு நாள் முதலிலிருந்து என்றதும் எனக்கு மூளை வேலை செய்யவில்லை. மறுபடி அந்த பெஞ்ச். மறுபடி அரை நாள் சம்பளம். அக்காவைப் பார்த்து, "கொஞ்சம் சும்மா இருக்கா, இன்னும் ரெண்டு மணி நேரம்தான்" என்றேன். வயதில் மூத்த பெண்பிள்ளையை ஊரார் முன்னால் அதட்டினேன். அவள் வீட்டுக்குப் போய்விட்டாள்.

மறுநாள் காலையில் அந்தக் குழாய்த் தண்ணீரை ஊற்றியதும் நம் வீட்டில் பால் திரிந்தது. உங்கள் அம்மா திரிந்த டீயை அப்படியே டம்ளரில் ஊற்றி என் முன்னால் வைத்தாள். "குடி. உன் லைசென்சு டீ." மதியம் எந்த வீட்டிலும் பருப்பு வேகவில்லை. ஒரு மழைக்காலம் முழுக்கக் கிணற்றைப் பூட்டி வைத்துப் பார்த்தோம். உப்பு கொஞ்சம் இறங்கியது. குழந்தைக்குக் கொடுக்கிற அளவுக்கு இறங்கவே இல்லை. கொஞ்ச காலம் துணி துவைக்க, பாத்திரம் கழுவ ஆயிற்று, அப்புறம் மோட்டாரையே போடவில்லை. குடிக்கிற தண்ணீருக்கு அந்த மெயின் ரோட்டு லாரியிடமே குடத்தோடு போய் வரிசையில் நின்றோம். அங்கே முண்டியடித்ததில் உங்கள் அம்மாவின் முழங்கை பிசகியது. இப்போதும் கேனைத் தூக்க முடியாமல் உங்களைக் கூப்பிடுகிறாளே, அது அன்றைக்கு வந்தது.

இதற்கெல்லாம் நடுவில் உரிமம் வந்தது. முதல் தண்ணீர் பிடித்த அந்த பாட்டிலின் சோதனை முடிவும் கூடவே வந்தது. குடிக்கத் தகுந்தது என்று போட்டிருந்தார்கள்! எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்கு ஓடினேன்.

"சார், தண்ணி உப்பாயிடுச்சு சார். உங்க டெஸ்டுலதான் ஆச்சு."

சார் தாளைப் புரட்டினார். "ரிப்போர்ட்ல நல்ல தண்ணின்னுதானே இருக்கு?"

"அது முதல்ல புடிச்சது சார். நாங்க இவ்ளோ நாளா வத்தி ஏத்தி, கொஞ்சம் ஓட்டி, நெறைய நிறுத்தித்தான் சார் எடுப்போம். ஒரே மூச்சா ஓட்டினதுல அடி உப்பு மேல வந்துடுச்சு."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "அது பூஜைன்னு நீங்கதானே சொன்னீங்க? ஃபாரத்துலயும் இல்லைன்னுதான் எழுதியிருக்கீங்க. முன்னாடியே சொல்லியிருந்தா குறைச்சு ஓட்டறதுக்கு எழுதியிருப்பேனே."

எழுதியிருப்பாரா? தெரியாது. இத்தனை வருஷமாக அதை நினைத்து நினைத்துப் பார்க்கிறேன், தெரியவில்லை. மணல் மேட்டில் கடலோரம் கிணறு என்று கண்ணால் பார்த்துவிட்டுப் போன படித்த மனிதருக்கு இது தோன்றியிருக்க வேண்டாமா? எங்களை ஒரு கேள்வி, ஒரே ஒரு கேள்வி, "எப்படிங்க இத்தனை நாள் இது உப்பாகாம இருந்துச்சு?" என்று கேட்டிருக்க வேண்டாமா? கேட்கவில்லை. அவர் மேல் எனக்கு ஆத்திரம் ஆறாது. ஆனால் கேட்காமலே சொல்லியிருக்க வேண்டியவன் ஒருவன் இருந்தான். அவனும் சொல்லவில்லை. அவன் சிரித்துக்கொண்டு நின்றான்.

சாவியைத் திருப்பிக் கொடுக்க அக்கா வீட்டுக்குப் போனேன். அவள் மீனை அரிந்துகொண்டே தலையைத் தூக்காமல் சொன்னாள்: "நீயே வெச்சுக்க. லைசென்சக் கண்ணாடி போட்டு மாட்டுவல்ல, அது மேலயே சாவியயும் மாட்டு. நல்லா ஷோக்கா இருக்கும்."

சாவி இன்றும் என்னிடம்தான் இருக்கிறது. பெரியவனே, நம் ஆட்களுக்குக் காப்பாற்றத் தெரிந்திருந்தது. காப்பாற்றத் தெரிந்ததை வெளியே சொல்ல உன் அப்பனுக்கு வெட்கமாக இருந்தது. இனிமேல் யாராவது விவரம் பத்தவில்லை என்று சொன்னால் இதைச் சொல்லு.

ஞாயிற்றுக்கிழமை சட்டையை மாட்டிக்கொண்டு நான் போனது அந்த ஷெட்டுக்குத்தான். பூட்டு துருவேறி, எண்ணெய் விட்டுத்தான் திறந்தது. உரிமத்தையும் விண்ணப்ப நகலையும் அங்கேயே வைத்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அதனால் பிளாஸ்டிக் உறையில் போட்டு ஆணியில் மாட்டியிருந்தேன். தாள் பழுத்திருந்தாலும் என் எழுத்து தெரிந்தது. மோட்டார் மேலேயே தாளை விரித்து, 'கட்டுப்படுத்தும் முறை' கட்டத்தில் இருந்த 'இல்லை'யை அடித்தேன். 'ஊதுவத்தி. ஒரு வத்தி எரியும் வரை ஓட்டுவது. மூன்று வத்தி எரியும் வரை நிறுத்துவது. சாவி பொறுப்பு: மீன் விற்கும் அக்கா' என்று எழுதினேன். கட்டம் போதவில்லை. மீதியை ஓரத்தில் திருப்பி எழுதி, பக்கத்தில் கையெழுத்துப் போட்டு, பழையபடி உறைக்குள் வைத்து ஆணியில் மாட்டினேன்.