படத்தில் ஆறு இல்லை

என் பெரியம்மாவை எப்படியாவது அழவைத்துவிட வேண்டும் என்று முடிவெடுத்தவள் சித்தி. அதற்குக் கிரேக்கர்களைத் துணைக்கு அழைத்துக்கொண்டாள்.

சித்தி அப்போது பாளையங்கோட்டையில் எம்.ஏ. ஆங்கிலம் படித்துக்கொண்டிருந்தாள். வண்ணார்பேட்டையில் எங்கள் வீட்டில்தான் இருந்தாள். அந்த வருடம் அவளுக்குக் கிரேக்கத் துன்பியல் நாடகங்கள் ஒரு பாடம். வெங்காயம் உரிக்கும்போதும் துணி காயப்போடும்போதும் அதையேதான் பேசுவாள். அந்தக் காலத்தில் ஊரே திரண்டுபோய் மலைச்சரிவில் உட்கார்ந்து நாடகம் பார்க்குமாம். கதை எல்லோருக்கும் முன்பே தெரிந்ததுதானாம். தெரிந்த கதைக்கே பயந்து, இரக்கப்பட்டு, அழுது தீர்த்துவிட்டு, மனசு லேசாகி வீட்டுக்குப் போவார்களாம்.

"பேதி மருந்து குடிச்ச மாதிரின்னு வச்சுக்கோயேன்" என்று அம்மாவுக்கு விளக்கினாள். புளி கரைத்துக்கொண்டிருந்த அம்மாவுக்கு அந்த உவமை பிடிக்கவில்லை.

பெரியம்மா அம்பாசமுத்திரத்தில் இருந்தாள். மாதம் ஒருமுறை பஸ் ஏறி எங்கள் வீட்டுக்கு வருவாள். வந்தால் ஒரு படம் பார்க்காமல் திரும்பமாட்டாள். அதிலும் பேய்ப்படம் என்றால் உயிர். பேய் வந்து நிற்கும்போது தியேட்டரே அலறும், பெரியம்மா மட்டும் சிரிப்பாள். "இந்தத் தலைய வாரி முடிஞ்சா என்னவாம் இவளுக்கு?" என்பாள்.

அவளுக்கு ஒரு மகன் இருந்தான். நான் பிறப்பதற்கு முன்பே இறந்துவிட்டான். அம்பாசமுத்திரம் வீட்டு முன்னறையில், பள்ளிக்கூடச் சீருடையில், மாலை போட்ட படமாகத்தான் எனக்கு அவனைத் தெரியும். காய்ச்சலில் போய்விட்டான் என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். அவன் போன அன்று பெரியம்மா அழவில்லை என்பதும், அதற்குப் பிறகும் இன்றுவரை அழவில்லை என்பதும் வீட்டில் பெரிய கவலையாக இருந்தது. பெரியவர்கள் தாழ்ந்த குரலில் பேசிக்கொள்வதை வைத்து நான் இதைத் தெரிந்துகொண்டிருந்தேன். ஒருவர் அழாமல் இருப்பதற்குக் கவலைப்படுவார்களா என்பது என் சந்தேகம். நான் அழாமல் இருந்தால் அம்மா சந்தோஷப்படுவாளே.

அப்போது ஊரில் ஓடிக்கொண்டிருந்த ஒரு சினிமாவைச் சித்தி தன் தோழிகளோடு ஏற்கெனவே ஒருமுறை பார்த்திருந்தாள். பெரியம்மா வந்திருந்த ஒரு சனிக்கிழமை காலையில் அம்மாவும் சித்தியும் அடுக்களையில் குசுகுசுவென்று பேசிக்கொண்டார்கள்.

"வேண்டாம்ட்டி. அக்கா தாங்கமாட்டா."

"தாங்க வேண்டாங்கேன். அதுக்குத்தான கூட்டிட்டுப் போறோம். எத்தனை வருசத்துக்கு அவ கல்லு மாதிரியே இருப்பா?"

பெரியம்மாவிடம் 'பேய்ப்படம்' என்று மட்டும் சொன்னார்கள். மதியக் காட்சிக்கு நாலு பேரும் ஆட்டோவில் போனோம்.

அந்தப் படத்தில் பேயே இல்லை. ஊருக்கு ஒதுக்குப்புறமாக ஒரு பெரிய பங்களா. அங்கே இருக்கும் ஒரு தாயின் சின்ன மகள், கேட் திறந்து கிடந்ததால் ரோட்டுக்கு ஓடி லாரியில் அடிபட்டுச் செத்துப்போயிருக்கிறாள். கேட்டைத் திறந்துபோட்டது யார் என்று தாய் விசாரிக்கத் தொடங்குகிறாள். முதலில் வேலைக்காரியைச் சந்தேகப்படுகிறாள், பிறகு பக்கத்து வீட்டுக்காரரை, பிறகு புருஷனை. இதற்கிடையில் ராத்திரியில் மாடியில் யாரோ நடக்கிறார்கள். குழாய் தானாகத் திறந்துகொள்கிறது. இதோ பேய் வரப்போகிறது என்று நான் முகத்தைப் பொத்திக்கொண்டு விரலிடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் அந்தக் காலையைக் காட்டினார்கள். தாயேதான் போனில் பேசிக்கொண்டே வந்து, கேட்டைச் சாத்தாமல் உள்ளே போகிறாள். மாடியில் நடந்ததும் அவளேதானாம், குழாயைத் திறந்ததும் அவளேதானாம். எனக்குப் பெரிய ஏமாற்றம்.

அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அழுதாள். சித்திக்கு அது இரண்டாவது முறை, அப்படியும் அழுதாள். அழுகைக்கு நடுவே குனிந்து குனிந்து பெரியம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டாள். பெரியம்மா முறுக்கை ஒடித்து எனக்குப் பாதி கொடுத்துவிட்டு மீதியைத் தின்றுகொண்டிருந்தாள். விளக்குகள் எரிந்ததும், "முடிஞ்சிட்டா? பேய் எங்கட்டி?" என்று கேட்டாள். நான் கேட்க நினைத்ததும் அதைத்தான்.

தியேட்டருக்கு எதிரே ஒரு காபிக் கடை. சித்தி தோற்றுப்போனவள் மாதிரி நடந்து வந்தாள். உளுந்தவடையும் காபியும் வந்தன. பெரியம்மா காபியை ஆற்றினாள். ஒரு வாய் குடித்தாள். டம்ளரைப் பார்த்துக்கொண்டே சொல்லத் தொடங்கினாள்.

"நாந்தான அவன அனுப்புனேன். மாவு அரைச்சிட்டு இருந்தேன். பசிக்குன்னு வந்து நின்னான். குளிக்காம இட்லி கெடையாது, ஆத்துக்குப் போய்ட்டு வான்னேன். நீயும் வாம்மான்னு சேலையப் பிடிச்சு இழுத்தான். கையத் தட்டிவிட்டேன். மாவு அவன் கன்னத்துல அப்பிட்டு. தொடச்சுக்கிட்டே போனான். அணையில தண்ணி தெறந்திருக்குன்னு பால்காரரு காலையிலயே சொல்லிட்டுப் போயிருந்தாரு. என் காதுலதான் சொன்னாரு."

அம்மா வடையைப் பிட்ட கையை அப்படியே வைத்திருந்தாள்.

"பெறகு ஊரெல்லாம் கேட்டேன் பாத்துக்கோ, எம் பிள்ளைய ஆத்துக்கு அனுப்புனது யாருன்னு. எதுத்த வீட்டுப் பயதான் கூப்பிட்டிருப்பான்னு அவன் அம்மைகிட்ட சண்டைக்குப் போனேன். கண்டிச்சு வளத்திருந்தா போயிருப்பானான்னு உங்க அத்தானைப் பேசுனேன். ஒருத்தரும் வாயத் தெறக்கல. எல்லாருக்கும் தெரியும். எனக்குந் தெரியும். ஆனாலும் கேட்டேன்."

யாரோ ஒருத்திக்கு நடந்ததைச் சொல்வதுபோல, ஒன்றையும் விடாமல், வரிசையாகச் சொன்னாள். பிற்காலத்தில் சித்தியின் அந்த நாடகங்களை நானும் படித்தேன். அவற்றில் சாவு பெரும்பாலும் மேடையில் நடப்பதில்லை. கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நடந்ததை ஒருவன் வந்து சொல்வான். அவன் சொல்லி முடிப்பான், கேட்பவர்கள் அழுவார்கள். அன்று காபிக் கடையிலும் சித்திதான் விம்மி விம்மி அழுதாள். அம்மா அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள். வேறென்ன வேண்டும் என்று கேட்க வந்த ஆள் கேட்காமலே திரும்பிப் போய்விட்டார்.

எனக்கு அப்போது ஒரே ஒரு விஷயம்தான் தோன்றியது. பெரியம்மா படத்தின் கதையைத் தப்புத்தப்பாகச் சொல்கிறாள்.

"பெரியம்மா, நீங்க மாத்திச் சொல்லுதிய. கேட்டுல்லா தெறந்து கெடந்துச்சு! படத்துல ஆறே வரலையே. அதுவும் பொம்பளப் பிள்ளை."

மேஜைக்கு அடியில் அம்மா என் தொடையைத் திருகினாள். நான் சொன்னதில் என்ன தப்பு என்று விளங்காமல் அவளை முறைத்தேன்.

பெரியம்மா என்னை நிமிர்ந்து பார்த்தாள். "ஏன் அவளக் கிள்ளுத? அவ சொல்லுதது சரிதான். படத்துல ஆறு இல்ல" என்றாள். பிறகு எனக்கு இன்னொரு வடை வாங்கிக் கொடுத்தாள்.

மாலையில் அவளை பஸ் ஏற்றிவிட்டோம். ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிச் சித்தியிடம், "அடுத்த மாசம் நெசமாவே பேய் வர்ற படமாப் பாருட்டி" என்றாள். சித்தி தலையாட்டினாள். அந்தப் பாடத்தில் அவள் நல்ல மதிப்பெண் வாங்கினாள். ஆனால் அதற்குப் பிறகு வீட்டில் கிரேக்கர்களைப் பற்றிப் பேசியதே இல்லை.

திங்கட்கிழமை மதிய இடைவேளையில், வேப்பமரத்தடியில், என் தோழிகளுக்கு அந்தப் படத்தின் கதையைச் சொன்னேன். கேட்டும் லாரியும் வருவதுபோலத் தொடங்கினால் யாருக்கும் பயம் வரவில்லை. ஆகவே பெரியம்மா சொன்ன மாதிரியே மாற்றிக்கொண்டேன். மாவரைக்கும் அம்மா, பசிக்கிறது என்று வந்து நிற்கும் பையன், கன்னத்தில் மாவு, ஆறு. அது படத்தைவிட நன்றாக இருந்தது. சோற்றுக் கையோடு எல்லோரும் வாயைப் பிளந்து கேட்டார்கள். பெரியம்மாவுக்குக் கதை சொல்லத் தெரிகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

முடித்ததும் ஒருத்தி கேட்டாள், "அந்த அம்மா பெறகு என்ன ஆனாட்டி?"

"ஒண்ணும் ஆகல" என்றேன். "அதோட முடிஞ்சிட்டு."