ஸ்பேனர் பூஜையில் இருக்கிறது

“…அதனால கமிட்டி சொல்றது ரொம்ப சிம்பிள். நகர்ற வரைக்கும்தான் அது வண்டி. நகரலேன்னா அது சாமான். சாமானைக் கொண்டுவந்து பார்க்கிங்ல போட்டுக்க யாருக்கும் ரைட் கிடையாது, புரியறதா?”

எங்கள் குடியிருப்பின் செயலாளர் பேசிக்கொண்டிருந்தார். வங்கியில் பெரிய வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். அன்று ஆயுத பூஜை. நெற்றியில் புது விபூதி. பக்கத்தில் தலைவர், ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற மராட்டியர். அவருக்குப் பின்னால் பங்கார்காரர். பழைய இரும்பு வாங்குகிறவரை புனேயில் அப்படித்தான் சொல்வோம். கேட்டுக்கு வெளியே அவருடைய டெம்போ நின்றது.

இத்தனை பேரும் சுற்றி நின்றது என் ஹெரால்ட் காரை. காலையிலேயே குளிப்பாட்டி, நெற்றியில் சந்தனம் குங்குமம் வைத்து, கேந்திப்பூ மாலை போட்டு, நாலு சக்கரத்துக்கு முன்னாலும் எலுமிச்சம்பழம் வைத்திருந்தேன். பக்கத்து வண்டிகளெல்லாம் பழத்தை நசுக்கிவிட்டு ஊர் சுற்றப் போய்விட்டன. என்னுடையது மட்டும் நின்றது.

“ஓடாத வண்டிக்கு மாலை போட்டா போட்டோவுக்கு மாலை போட்ட மாதிரி” என்று தலைவர் இந்தியில் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் சொல் நன்றாயிருந்தது. நல்ல சொல்லை எதிரி சொன்னாலும் நான் மறக்க மாட்டேன், என் சுபாவம் அது.

அந்த வண்டி எனக்கு வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். கட்கியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் நான் ஃபிட்டர். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கண்டோன்மென்ட் பங்களா ஒன்றில் தண்ணீர்க் குழாய் பழுதுபார்க்கக் கூப்பிட்டார்கள். கொல்லையில் வேப்பமரத்தடியில் இந்தக் கார். பின் சீட்டில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. வீட்டுக்கார அம்மா, “கோழியை விட்டுட்டு மத்ததை எடுத்துட்டுப் போ” என்றார். கூலிக்குப் பதில் கார். கயிறு கட்டி டெம்போவில் இழுத்து வந்தபோது ஆளந்தி ரோடு முழுக்கச் சிரித்தது.

என் மனைவி வேலூர்க்காரி. வாசலில் நின்று பார்த்தாள். “இன்னாங்க இது? கோழியாவது முட்டை போடும். இது இன்னா போடும்?”

“எண்ணெய் போடும்” என்றேன். அந்த வாக்கை மட்டும் வண்டி ஒருநாளும் பொய்யாக்கியதில்லை.

ஹெரால்ட் எங்கள் மெட்ராஸில் செய்த கார். என்னைப் போலவே பிழைக்க வடக்கே வந்து இங்கேயே தங்கிவிட்டது. அதன் முன்பக்கம் மொத்தமும் மட்கார்டோடு சேர்ந்து முன்னால் கவிழும். முன் சக்கரத்தின் மேலேயே சௌகரியமாக உட்கார்ந்து எஞ்சினில் வேலை பார்க்கலாம். மற்ற கார்கள் உள்ளே கைவிடச் சொல்லும். இது, வா, உட்கார், பேசலாம் என்னும். எனக்கு யாரும் கார் வேலை கற்றுக்கொடுக்கவில்லை. கழற்றிக் கழற்றிப் படித்ததுதான். கழற்றிய நட்டையும் போல்ட்டையும் காலி ஊறுகாய் பாட்டில்களில் போட்டு, தமிழில் பெயர் எழுதி ஒட்டி வைப்பேன். தலைவர் ஒருநாள் அவற்றைப் பார்த்துவிட்டு மந்திரமா என்று கேட்டார். ஆமாம், எடுத்தால் கை வெந்துவிடும் என்றேன். அதன்பிறகு ஒரு போல்ட்கூடக் காணாமல் போனதில்லை.

ஞாயிற்றுக்கிழமை பழைய சாமான் விற்கும் ஜுனா பஜாரில் தரையில் விரித்த சாக்குகளுக்கு நடுவே குந்தி உட்கார்ந்து தேடுவேன். ஒரு கதவுக் கைப்பிடி கிடைத்தால் தீபாவளி. இரண்டு மழைக்காலம் அப்படிப் போய், மூன்றாவது வருஷம் வண்டி ஓடியது. குடும்பத்தை ஏற்றிக்கொண்டு பழைய மும்பை ரோட்டில் தளேகாவ் வரை போனோம். அங்கே டீக்கடை வாசலில் பளபளவென்று பழைய கார்கள் வரிசையாக நின்றன. கோரேகாவ் பார்க் பங்களாக்காரர்களின் ஊர்வலம். தொப்பி வைத்த ஒருவர் என் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, “எந்த கிளப்?” என்று இங்கிலீஷில் கேட்டார்.

“ஓவர்டைம் கிளப்” என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. என் மனைவிக்குப் புரிந்தது. வீடு வரும்வரை சிரித்துக்கொண்டே வந்தாள்.

அன்றைக்கே ஒன்று மனதில் பதிந்தது. பணக்காரன் வைத்திருந்தால் விண்டேஜ், நம்மாள் வைத்திருந்தால் பங்கார். தொழிலாளிக்குப் பொழுதுபோக்கு என்றால் சீட்டு, அல்லது சாராயம், அல்லது மகன் படிப்பைப் பற்றிக் கவலைப்படுவது. பழைய காரைத் துடைப்பது அவன் கணக்கில் சேராது. சேர்த்துக்கொள்கிறேன் போ என்று நான்தான் பிடிவாதமாக இருந்தேன்.

பிறகு ஊர் மாறியது. ஹிஞ்சேவாடியில் கம்ப்யூட்டர் கம்பெனிகள் வந்தன. எங்கள் குடியிருப்பிலேயே வீட்டுக்கு ஒரு புதுக் கார். நிறுத்த இடமில்லை. அந்த நேரம் பார்த்து என் வண்டி படுத்துவிட்டது. முதலில் கிளட்ச், அதைச் சரிசெய்தால் கார்புரேட்டர். ஒரு மழைக்காலம் முழுக்கத் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. எல்லோர் கண்ணும் அந்தத் தார்ப்பாயின் மேல்தான். பொதுக்கூட்டத்தில் தீர்மானம் போட்டார்கள்: நவமி விடுமுறை நாளில் கமிட்டி வந்து பார்க்கும், அதற்குள் வண்டி தன் காலில் கேட்டைத் தாண்டிப் போய்வர வேண்டும், இல்லையென்றால் பங்கார். நானும் தலையாட்டினேன். முடித்துவிடலாம் என்றுதான் நினைத்தேன்.

முடித்தும்விட்டேன், ஒரே ஒரு வேலையைத் தவிர. கார்புரேட்டர் ஊசி ஒழுகியது. மாற்று ஊசி அஷ்டமியன்று பொழுது சாய்ந்துதான் கையில் கிடைத்தது. விடிந்து எழுந்து மாட்டிவிடலாம் என்று இருந்தேன். விடிந்தால் மனைவி வாழையிலை விரித்துவிட்டு நிற்கிறாள்.

“ஏங்க, ஸ்பேனரெல்லாம் குடுங்க. பூஜைக்கு வைக்கணும்.”

“ஒரு மணி நேரம் இரு. கார்புரேட்டரை மாட்டிட்டுத் தரேன்.”

அவள் அருவாமனையைக் கழுவி இலையில் வைத்தாள். பிறகு கத்தரிக்கோல், தையல் மிஷின் ஊசி. தனக்குச் சோறு போட்ட ஒவ்வொன்றையும் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். தொழிற்சாலையில் அத்தனை பெரிய லேத் மிஷினுக்கே அன்று மாலை போட்டு நிறுத்திவிடுவோம். மறுநாள் விஜயதசமிக்குத்தான் கை வைப்போம். வருஷம் முழுக்க அடி வாங்குகிற இரும்புக்கு ஒரு நாள் நாம் கைகட்டி நிற்க வேண்டும் என்பது எங்கள் ஆட்கள் வழக்கம். என் காருக்காக அதை உடைத்தால், அந்தக் காரை வைத்திருக்க எனக்கு என்ன யோக்கியதை? பையோடு எடுத்துக் கொடுத்துவிட்டேன். வட்ட ஸ்பேனர், வாய் திறந்த ஸ்பேனர், பிளக் கழற்றும் குழாய், சுத்தியல், எல்லாம் சந்தனப் பொட்டோடு வரிசையாக இலையில் படுத்துக்கொண்டன. கார்புரேட்டர் மாத்திரம் செய்தித்தாளில் சுற்றிப் பால்கனியில் கிடந்தது.

“மிஸ்டர், என்ன பேச்சையே காணோம்?” என்றார் செயலாளர். “ஸ்டார்ட் பண்றேளா, இல்லையா?”

“இல்ல சார். கார்புரேட்டர் மாட்டணும்.”

“மாட்டுங்கோளேன். யார் வேண்டாங்கறா? அரை மணி வெயிட் பண்றோம்.”

“இன்னிக்கு மாட்ட மாட்டேன். ஸ்பேனர் பூஜையில இருக்கு.”

அவர் தலைவருக்கு இந்தியில் சொன்னார். தலைவர் சிரித்தார். அவர் வீட்டிலும் காலையில் கத்திக்குப் பூஜை நடந்ததுதான். “பூஜா ஜாலீ நா? முடிஞ்சுதுல்ல? அப்புறம் எடுத்து வேலையைப் பாருங்க, காகா!” என்றார். அவர்கள் வழக்கம் அப்படி. கும்பிட்டதும் எடுத்துக்கொள்வார்கள். தப்பில்லை. எங்கள் வழக்கம் வேறு.

பங்கார்காரர் இதற்குள் கதவைத் தட்டிப் பார்த்தார். இரும்பு கெட்டி என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, “வருத்தப்படாதீங்க அண்ணா, தராசுல ஏறினா எல்லா வண்டியும் ஒரே வண்டிதான்” என்று இந்தியில் ஆறுதல் சொன்னார். அதுவும் நல்ல சொல்தான். அன்று பார்த்து எல்லோருக்கும் வாக்கு சுத்தமாக வந்தது.

“நாளைக்குக் காலையில எடுப்பேன். மாட்டுவேன். கேட்டைத் தாண்டி ஆளந்தி வரைக்கும் போய் வருவேன்” என்றேன். “இன்னிக்கித் தொட மாட்டேன். தூக்கிக்கினு போறதுன்னா தூக்கிக்கினு போங்க. கெஞ்ச மாட்டேன்.”

“தீர்மானத்துல நாளைக்குன்னு இல்லே. இன்னிக்குன்னு இருக்கு. பேங்க்ல ஒரு நாள் தள்ளிக் குடுன்னா குடுப்பாளா?” செயலாளர் கையிலிருந்த தட்டச்சுக் காகிதத்தை விரித்தார். வண்டியை வெளியே விடலாம் என்ற கடிதம் அது. அவர் கையெழுத்து இருந்தால்தான் வாட்ச்மேன் டெம்போவை உள்ளே விடுவான். காகிதத்தைக் கார் கூரையின் மேல் வைத்துக்கொண்டு, பழக்கத்தில் கையைச் சட்டைப்பைக்குக் கொண்டுபோனார்.

பை காலி.

அந்தப் பையில் மை பேனா இல்லாமல் நான் அவரைப் பார்த்ததே கிடையாது. மாடிப்படியில், காய்கறி வண்டிக்கு எதிரில், கல்யாண வீட்டில்கூட அது இருக்கும். வலக்கை தடவியது. இடக்கையும் வந்து தடவியது. தலைவர் தன்னுடைய பால்பாயின்ட் பேனாவை நீட்டினார். “ஸஹீ கரா, ஸாஹேப். கையெழுத்தைப் போட்டுட்டு சாப்பிடப் போகலாம்.”

அவர் வாங்கிக்கொண்டார்.

“சார்,” என்றேன், “உங்க பேனா எங்க?”

“ஏன்?”

“கேக்கறேன். எங்க இருக்குது?”

எங்கே இருக்கிறது என்று இரண்டு பேருக்கும் தெரியும். சரஸ்வதி படத்துக்கு முன்னால், புத்தக அடுக்கின் மேல், பொட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

“அது வேற, இது வேற” என்றார் மெதுவாக.

“இன்னா வேற சார்? உங்களுக்குச் சோறு போட்டது பேனா. எனக்குச் சோறு போட்டது ஸ்பேனர். இன்னிக்கு எழுதலாம்னு நீங்க சொல்லுங்க, இப்பவே மேல போய் ஸ்பேனரை எடுத்துக்கினு வரேன். கடன் வாங்கின பேனாவுல எழுதினா குத்தம் இல்லன்னா, நானும் எதிர் வீட்டுல போய் ஸ்பேனர் கேக்கறேன். உங்க சாமி ஒண்ணு, என் சாமி ஒண்ணா?”

சத்தம் கொஞ்சம் கூடிவிட்டது. மேலே பால்கனிகளில் தலைகள் முளைத்தன. தலைவருக்குத் தமிழ் புரியாது. ஒருமுறை என்னையும் ஒருமுறை அவரையும் பார்த்து, “என்ன ஆச்சு?” என்றார். யாரும் மொழிபெயர்க்கவில்லை.

செயலாளர் பேனாவின் முனையைப் பார்த்தபடி நின்றார். பிறகு அண்ணாந்து எங்கள் வீட்டைப் பார்த்தார்.

“நெஜமாவே பூஜைல வெச்சிருக்கேளா? எல்லாத்தையுமா?”

“வந்து பாருங்க.”

வரமாட்டார் என்று நினைத்துத்தான் சொன்னேன். அத்தனை வருஷம் ஒரே கட்டடத்தில் இருந்தும் அவர் எங்கள் வாசல்படி ஏறியதில்லை. நாங்களும் கூப்பிட்டதில்லை. அவர் காகிதத்தையும் பேனாவையும் கையில் பிடித்தபடி விறுவிறுவென்று படியேறினார். நான் பின்னால் ஓடினேன். வாசலில் செருப்பைக் கழற்றினார். சுண்டல் கரண்டியோடு வந்த என் மனைவி அப்படியே சுவரோரம் ஒதுங்கி நின்றாள்.

இலைக்கு முன்னால் குனிந்து, வங்கியில் பெட்டகம் பார்க்கிறவர் மாதிரி ஒவ்வொன்றாகப் பார்த்தார். சுத்தியல், அருவாமனை, பிளக் குழாய், கத்தரிக்கோல். கடிதத்தை நாலாக மடித்தார். அதற்குள் தலைவரின் பேனாவை வைத்துச் சுருட்டினார். பெரிய வட்ட ஸ்பேனரை விரல் நுனியால் லேசாகத் தூக்கி, அதன் அடியில் செருகினார். குங்குமச் சிமிழைத் தன் பக்கம் இழுத்து, அந்தச் சுருளுக்கு ஒரு பொட்டு வைத்தார்.