எஸ்தர் மேடத்தின் கீழ் ஞானசிகாமணி சார்

ஞானசிகாமணி சாரின் நினைவு ஆராதனை போன மாதம் தாம்பரத்தில் அவருடைய லுத்தரன் சர்ச்சில் நடந்தது. போதகர் பேசும்போது, "மனைவிக்காகத் தலைமை ஆசிரியர் பதவியையே விட்டுக்கொடுத்த தியாகி" என்றார். முன் வரிசையிலிருந்து அவர் மனைவி எஸ்தர் மேடம் எழுந்துவிட்டார்.

"மன்னிக்கணும் பாஸ்டர். அவர் விட்டுக்கொடுக்கல. இன்டர்வியூல என்கிட்ட தோத்தாரு."

சர்ச்சே சிரித்தது. அவருடைய மகள்கள் இருவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்கள். சாரும் மேடமும் வேலை பார்த்த மிஷன் பள்ளியில் பிசிக்ஸ் டீச்சராக இருந்தவள் நான். நடந்தது எனக்குத் தெரியும். புதிதாக வேலைக்கு வரும் ஆசிரியர்களுக்காக எழுதி வைக்கிறேன்.

1. போர்டு மீட்டிங்

எங்கள் எச்.எம். ஓய்வு பெற்றபோது சீனியாரிட்டியில் முதலில் இருந்தவர் ஞானசிகாமணி சார், ஹிஸ்டரி. அடுத்து எஸ்தர் மேடம், மேத்ஸ். ஆசிரியர் பிரதிநிதியாக நானும் பள்ளி நிர்வாக போர்டில் இருந்தேன். சாரை மீட்டிங்குக்கு வரவழைத்து ஆர்டர் கொடுக்கத் தயாராக இருந்தார் போர்டு தலைவர்.

சார் எழுந்து, "எனக்கு வேணாம் ஐயா. எஸ்தருக்குக் கொடுங்க. டைம்டேபிள், ஆடிட், இன்ஸ்பெக்‌ஷன் எல்லாம் அவங்கதான் நல்லா பாப்பாங்க" என்றார்.

"வெளியில என்ன பேசுவாங்க சார்? புருஷன் பொண்டாட்டிக்குக் கீழயா?"

"வீட்ல ஏற்கெனவே அப்படித்தான் ஐயா. ஒண்ணும் கெட்டுப் போகல."

தலைவர் சிரித்துக்கொண்டே மேடத்தைக் கூப்பிட்டு அனுப்பினார். விஷயத்தைக் கேட்டதும் மேடத்தின் முகம் மாறியது.

"என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா? நீங்க வேணாம்னு தள்ளினதை எடுத்துக்க நான் வரல." பிறகு தலைவர் பக்கம் திரும்பினார். "ரெண்டு பேருக்கும் இன்டர்வியூ வையுங்க ஐயா. அவரும் ஒழுங்கா பதில் சொல்லணும்."

நல்லது செய்வதாக நம்பி வந்த மனிதர், முகம் வாடிப்போய் நின்றார். பிறகு, "அவங்க சொல்றது சரிதான். நான்தான் கேட்டிருக்கணும்" என்றார்.

வெளியிலிருந்து ஆட்களை வரவழைத்து இன்டர்வியூ நடத்தினோம். சார் நன்றாகவே பதில் சொன்னார். மேடம் அதைவிட நன்றாகச் சொன்னார். ஆர்டர் மேடத்துக்குப் போனது.

2. கேட் டியூட்டி

மேடம் போட்ட முதல் விதி கேட் டியூட்டி. பள்ளி விடும் நேரத்தில் வேளச்சேரி ரோட்டில் பஸ்ஸும் ஷேர் ஆட்டோவும் முட்டிக்கொண்டு நிற்கும். பிள்ளைகள் ரோட்டைக் கடக்கும்வரை தினமும் ஒரு ஆசிரியர் வாசலில் நிற்க வேண்டும். சீனியர்கள் முணுமுணுத்தார்கள். அவர்கள் கண்ணெல்லாம் சார் மேல்தான். அவருக்கு மட்டும் சலுகை கிடைக்குமா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சாரின் முறை வந்த ஒருநாள் வாசலில் ஆள் இல்லை. ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி ஆட்டோ இடித்துக் கீழே விழுந்தாள். நல்லவேளை, முழங்காலில் சிராய்ப்போடு போயிற்று.

மறுநாள் ஸ்டாஃப் மீட்டிங்கில் மேடம் எல்லோர் முன்னாலும் கேட்டார். "ஞானசிகாமணி சார், நேத்து கேட்ல ஏன் நிக்கல?"

சார் எழுந்தார். "சின்னவளுக்குக் காய்ச்சல்னு அவ ஸ்கூல்லேர்ந்து போன் வந்துச்சு மேடம். கூட்டிட்டு வரப் போனேன். போறதுக்கு முன்னாடி வேற ஆளை நிக்கச் சொல்லியிருக்கணும். சொல்லல. தப்புதான்."

மேடம் அடுத்த விஷயத்துக்குப் போனார். அதன்பிறகு கேட் டியூட்டியை ஒருவரும் தட்டிக்கழிக்கவில்லை.

அன்று சாயங்காலம் வாசலில் அவரிடம் கேட்டேன். "எல்லார் முன்னாடியும் கேட்டுட்டாங்களே, வருத்தமா இல்லையா சார்?"

"இருந்துச்சு கலா டீச்சர். ஆனா அந்தப் பொண்ணு பஸ்ல மாட்டியிருந்தா? எங்க சபையில வேலையைக் கடவுள் தர்ற அழைப்புன்னு சொல்வோம். எச்.எம். நாற்காலி எஸ்தருக்கு வந்த அழைப்பு. டென்த் ஹிஸ்டரியும் ராத்திரி தோசையும் எனக்கு. ரெண்டுமே பெரிய வேலைதான்."

சும்மா சொல்லவில்லை. ஓய்வு பெறும்வரை தினமும் மேடத்துக்கு முன்னால் வீட்டுக்குப் போய்ச் சமைத்தவர் அவர்தான். அவருடைய பத்தாம் வகுப்பில் ஹிஸ்டரிக்குப் பயந்த பிள்ளையை நான் பார்த்ததில்லை.

3. சிறுசேரி

ஓய்வுக்குப் பிறகு சிறுசேரிப் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் சேர்ந்தேன். பிரின்சிபால் என்னிடம் படித்தவள். யாருக்குக் கீழே வேலை பார்க்கிறோம் என்பதில் கௌரவம் இல்லை, எப்படிப் பார்க்கிறோம் என்பதில்தான் இருக்கிறது என்பதைச் சாரிடம் கற்றிருந்ததால் எனக்குத் தயக்கமே இல்லை. அவள்தான் நெளிந்தாள்.

"மிஸ், என்னைப் பேர் சொல்லியே கூப்பிடுங்க, ப்ளீஸ்."

"ஸ்கூல்ல வேணாம் மேடம். எனக்கு எந்த கிளாஸ்?"

"நைன்த் பி, மிஸ். கொஞ்சம் அடங்காத பசங்க."

"எந்த மாடி?" என்று கேட்டுக்கொண்டு கிளம்பினேன்.